பூட்டுக்காரர் வீட்டு ஆடு

சந்தைத் தெருவில் துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே, அளவு தப்பி யாரோ விட்டுவிட்ட இடுக்கு மாதிரி ஒரு கடை. ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் சாவி. மேசையில் நாலைந்து அரம், ஒரு சின்னச் சுத்தியல், எப்போதும் ஆறிப்போன ஒரு கிளாஸ் டீ. உள்ளே இருந்தவரை ஊரே பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. சாவியைத் தொலைத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "இங்கதாங்க வெச்சேன்..." அவர் தலையை மட்டும் ஆட்டுவார். அவர்கள் கதையை முடிப்பதற்குள் அவர் கை பாதிச் சாவியை அராவி முடித்திருக்கும். அவர் திறக்க முடியாத பூட்டும் இல்லை, அவர் போட்ட பூட்டைத் திறக்க ஆளும் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. அதை அவர் மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆனால் யாராவது அப்படிச் சொன்ன நாளில் டீயைச் சூடாகவே குடித்துவிடுவார்.

இப்படி இரும்போடு இரும்பாகக் காலம் தள்ளிய மனிதரின் வீட்டுக்கு ஆடும் கோழியும் வந்து சேர்ந்தது அவருடைய மச்சினன் புண்ணியத்தில். பூட்டுக்காரர் மனைவிக்கு ஒரே தம்பி. சின்ன லாரி ஓட்டுகிறவன். வேறு ஊரில் வேலை கிடைத்துப் புறப்பட்டவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பின்பக்கம் திறந்ததும் வெள்ளையாக ஒரு பெட்டை ஆடு, பழுப்பாக ஒரு பெட்டை ஆடு, கூடைகளில் கோழிகள், கூடைக்குள் அடங்காமல் கம்பியில் ஏறி நின்ற ஒரு சேவல்.

"மாமா, ஒரே ஒரு வாரம். அங்க வீடு பாத்துட்டு வந்து ஏத்திக்கிறேன்."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மாப்ள."

"என்ன மாமா பெரிய பழக்கம்? தீனி போடுங்க, தண்ணி வைங்க, சாயங்காலம் அடைச்சு வைங்க. அடைக்கிறது உங்க தொழில்தானே!"

அக்காக்காரி சிரித்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கும் விரிப்புகளுக்கும் இஸ்திரி போடுகிறவள். வெள்ளைத் துணியையே பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்தக் கோழிகளின் நிறமெல்லாம் பிடித்துப்போயிருக்க வேண்டும். "இருக்கட்டுமே, ஒரு வாரம்தானே" என்றாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. மச்சினன் போன் பண்ணும்போதெல்லாம் "அடுத்த வாரம் மாமா" என்பான். நாளடைவில் அவரே அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் கிடந்தது. ஒரு கொய்யா மரம், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதன் சுவரோரம் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கம்பி, பழைய தகரங்கள், புல். பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதே இல்லை. இப்போது அங்கே தலைகீழ் ராஜ்யம். முதல் நாள் சாயங்காலம் கோழிகளை அடைக்கப் போனார். அவை அடைபட வரவில்லை. கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டன. "பா... பா..." என்று கூப்பிட்டார். "வாங்க" என்றார். கடைசியில் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகப் பறிக்காத குறையாகப் பறித்து இறக்கினார். ஒன்றை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்கு ஏறுவதற்குள் முதலில் இறக்கியது மறுபடி மேலே போய்விட்டது.

"என்னங்க, நீங்க இறக்கி விடறீங்களா, ஏத்தி விடறீங்களா?" என்று மனைவி கீழே நின்று கேட்டாள்.

"நீ கீழ நின்னு பிடிச்சாதானே ஆகும்!"

"நான் வெளக்கைக் காட்டுறேன்ல?"

சேவலுக்கு என்ன விரோதமோ, அவரைக் கண்டால் மட்டும் கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து வந்து காலில் கொத்தும். அவளை ஒன்றும் செய்யாது. "வீட்டுல இன்னொரு ஆம்பள எதுக்குன்னு நினைக்குது போல" என்று அவள் விளக்கம் சொன்னாள். அவர் தீனிப் பாத்திரத்தின் மூடியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குள் காலை வைப்பார். புள்ளிப் பெட்டை ஒன்று, நல்ல கூடையும் வைக்கோலும் இருக்க, அவரைத் திண்டாட வைப்பதற்கென்றே அவருடைய ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் முட்டை வைத்தது. அவசரமாகக் கடைக்குக் கிளம்பியவர் பார்க்காமல் எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். அன்று கடைக்குப் போகத் தாமதமானது. காரணம் கேட்ட துணிக்கடைக்காரரிடம் "தலைக்குக் குளிச்சேன்" என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை.

ஆனால் அந்த முட்டைகளின் ருசியை மறுக்க முடியவில்லை. வெளியூரிலிருந்து பேசும் மகள்கூட, "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதற்கு முன்னால் "கோழியெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவரும் பதிலுக்குக் கோழிகளைப் பற்றித்தான் முதலில் சொன்னார்.

இப்படி இருக்கையில், ஒரு கோழி குஞ்சு பொரித்த சமயத்தில், ஒரு கடுவன் பூனை வந்தது. பக்கத்துத் தெருக் கூரைகளையெல்லாம் குத்தகைக்கு எடுத்தது போல அலைந்த தடியன். கூடைக்கு மேலே வைத்த கல்லைத் தள்ளிவிட்டுக் குஞ்சுகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாய்க்கோழி நாளெல்லாம் கேறிக்கொண்டே திரிந்தது. அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. தன் வீட்டிலேயே திருட்டு! அதுவும் தன் பொறுப்பில் விட்ட உயிர்!

அன்றே கடையை மூடினார். கோணக்கம்பி, தகரம், கீல் எல்லாம் வாங்கி வந்து இரண்டு நாள் வெட்டினார், அடித்தார், முறுக்கினார். நாலு பக்கமும் தகரம், அடியில் பலகை, மேலே சரிவாக ஒரு மூடி, கதவுக்கு மேலொரு தாழ்ப்பாள் கீழொரு தாழ்ப்பாள். ஊசி நுழைய இடமில்லை. வேலை முடிந்ததும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். வாழ்நாளில் இவ்வளவு உறுதியான பொருளைத் தான் செய்ததில்லை என்று தோன்றியது. பூனை வந்தது, சுற்றிச் சுற்றி முகர்ந்தது, தகரத்தில் ஒரு முறை பிராண்டிப் பார்த்துவிட்டு, தோற்றவன் தோற்றதைக் காட்டிக்கொள்ளாத நடையில் போய்விட்டது. அவர் மனைவியைக் கூப்பிட்டு அந்த நடையைக் காட்டினார்.

மழைக்காலம் தொடங்கியது. கோழிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மந்தமாயின. மூக்கில் நீர், தொண்டையில் கரகரப்பு, இறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நிற்பது. கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. உயரமான ரப்பர் காலணியும் தோளில் பையுமாக வந்தவர், கோழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் கூட்டின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"இது கோழிக்கூடா, பேங்க் லாக்கரா?"

"பூனை வருதுங்க."

"பூனை வராது. காத்தும் வராது. எச்சம் ஈரத்துல ஊறி ஆவி கிளம்புது. ராத்திரி முழுக்க அதையே மூச்சு விட்டா மனுஷனே படுத்துருவான். மேல ரெண்டு பக்கமும் ஜன்னல் மாதிரி வெட்டி வலை அடிங்க. அடியில மரத்தூள் போடுங்க, நனைஞ்சா மாத்துங்க. மருந்து தரேன், தண்ணியில கலந்து வைங்க."

அவர் கூட்டைப் பார்த்தார். பிறகு மருத்துவரைப் பார்த்தார். இத்தனை வருஷமும் எதையும் வெளியே விடாமல், எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் நல்ல வேலை என்று நினைத்திருந்த மனிதர். மறுபேச்சுப் பேசாமல் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். மற்றவை எல்லாம் தேறின. ஹெல்மெட்டில் முட்டையிட்ட புள்ளிப் பெட்டை மட்டும் தேறவில்லை. கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். "ஒரு கோழிக்குப் போய்..." என்று அவள் சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவரும் இரண்டு நாள் கடையில் அதிகம் பேசவில்லை. வழக்கமாகவே பேசாதவர் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கோழிப் பிரச்சினை ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் ஆடு தன் வேலையைக் காட்டியது.

வெள்ளை ஆடு சாது. போட்டதைத் தின்னும், நிறுத்திய இடத்தில் நிற்கும். பழுப்பு ஆடு வேறு ரகம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை எப்படித் திறப்பது என்று யோசிப்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, சினை என்று வேறு சொல்லிவிட்டதால் அதற்குத் தழையும் தவிடும் தனிக் கவனிப்பு. அந்தக் கவனிப்பு போதாதென்று அது அடுத்த வீட்டுக்குச் சாப்பிடப் போனது.

அடுத்த வீட்டில் டிராயிங் மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர். தனி ஆள். கொஞ்சம் பருத்த உடம்பு, எப்போதும் வெள்ளைக் கால்சட்டை. ரோஜாச் செடிகள் வளர்த்து, பூத்ததும் அதைப் பார்த்துப் படம் வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

"பூட்டுக்காரரே! இங்க வாங்க! உங்க ஆடு என் ரோஜாவைத் தின்னுருச்சு!"

பூட்டுக்காரர் ஓடினார். ரோஜாச் செடிகள் மொட்டைக் குச்சிகளாக நின்றன. ஆடு கொடிக்கயிற்றுக்குக் கீழே நின்று, காயப்போட்டிருந்த ஒரு பெரிய படத்தின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது.

"அது என்னங்க?" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த மனைவி.

"ரோஜாப் படம்!" மாஸ்டருக்குக் குரல் உடைந்துவிட்டது. "ரோஜாவையும் தின்னு, ரோஜாப் படத்தையும் தின்னுருச்சும்மா!"

"ஐயோ! அண்ணே, அந்தச் சாயம் வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதே? சினை ஆடு வேற."

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் படத்தால உங்க ஆட்டுக்கு வயிறு வலிக்குமான்னு கேக்கறீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

கதவை யார் திறந்துவிட்டது என்பதுதான் கேள்வி. கொட்டகைக் கதவின் கொக்கியை அவர் தன் கையால்தான் மாட்டியிருந்தார். அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒளிந்து பார்த்தார். பழுப்பு ஆடு கதவருகே வந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கதவுப் பலகைகளின் இடைவெளியில் மேலுதட்டை நீட்டிக் கொக்கியை அடியிலிருந்து தூக்கியது. தலையால் ஓர் இடி. கதவு திறந்தது. வெள்ளை ஆடு மரியாதையாகப் பின்னால் நடந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, தொழில் தெரிந்தவனைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஒன்றும் வந்தது.

கொக்கியைக் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். ஆடு நாக்கால் சுழற்றிப் பல்லால் இழுத்தது. தாழ்ப்பாளுக்குச் சங்கிலி சுற்றினார். ஆடு பொறுமையாக ஒரு மத்தியானம் முழுக்க நின்று அதை அவிழ்த்தது. விஷயம் சந்தைத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர்தான் சொல்லியிருக்க வேண்டும். பாத்திரக்கடைக்காரர் கடை வாசலில் வந்து நின்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அலமாரிச் சாவி தொலைஞ்சு போச்சுங்க. நீங்க வர வேண்டாம், வேலை இருக்கும். ஆட்டைக் கொஞ்சம் அனுப்பி வைக்கிறீங்களா?"

தெருவே சிரித்தது. அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் மனதுக்குள் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் கடையில் இருந்ததிலேயே கனமான பூட்டை எடுத்தார். அவரே பாகம் பாகமாகச் செய்தது. விற்க மனமில்லாமல் வைத்திருந்தது. நாதாங்கியை முறுக்காணி போட்டு இறுக்கி, பூட்டை மாட்டி, சாவியைத் திருகி இழுத்துப் பார்த்தார். ஆடு வந்து முகர்ந்தது, நக்கியது, கடித்தது. பிறகு முதல் முறையாக அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. அவருக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

சில வாரம் அமைதியாகப் போனது. காலையில் அவர் திறந்துவிடுவார், தீனி போடுவார், கடைக்குப் போகும் முன் அடைத்துப் பூட்டுவார். மத்தியானம் வந்து ஒரு முறை திறப்பார்.

ஒரு நாள், மனைவிக்கு வார விடுமுறை. அவர் கடைக்குப் போய் உட்கார்ந்ததுமே ஒரு பெண்மணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுடைய மாமனார் மூன்றாவது மாடி வீட்டில் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாராம், பூட்டு உள்ளே சிக்கிக்கொண்டதாம். பையை எடுத்துக்கொண்டு போனார். கதவுக்கு முன்னால் மண்டியிட்டுக் கம்பியை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. விட்டார். மறுபடி அடித்தது. காதில் வைத்தார்.

"என்னங்க, ஆட்டுக்கு வலி கண்டுருச்சு! கத்துது! கம்பி ஜன்னல் வழியா பாக்குறேன், படுக்குது, எந்திரிக்குது. சாவி எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கே இருந்தது. "மாத்துச் சாவி..." என்று ஆரம்பித்தார். மாற்றுச் சாவியும் அதே வளையத்தில்தான் தொங்கியது. மாற்றுச் சாவியைத் தனியாக வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்.

"எங்கிட்டதான் இருக்கு" என்றார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"நல்லா இருக்குங்க" என்றாள். "பூட்டை உடைக்கப் பாக்குறேன்."

"அது உடையாதும்மா" என்று சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

குளியலறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, யாருக்கு வலி?"

"எங்க ஆட்டுக்குங்க. முதல் ஈத்து."

"அப்ப நீங்க கிளம்புங்க. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். தண்ணி இருக்கு, காத்து இருக்கு, முக்காலி இருக்கு. ஆட்டைப் பாத்துட்டு வந்து திறங்க."

"மாமா, சும்மா இருங்க!" என்றாள் மருமகள்.

பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை ஒரு திருப்புத் திருப்பினார். கிளிக் என்றது. கதவு திறந்து பெரியவர் துண்டோடு வெளியே வருவதற்குள் அவர் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தார். "என்ன குட்டின்னு சொல்லியனுப்புங்க!" என்று மேலேயிருந்து பெரியவர் கத்தியது காதில் விழுந்தது.

இங்கே வீட்டில், மனைவி பெரிய கல் ஒன்றைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டாள். கல் உடைந்தது. மறுபடி ஒரு கல்லைத் தேடித் திரும்பினால் வேலிக்கு மேலே மாஸ்டரின் முகம். கையில் பூவாளி.

"ஏம்மா, என்ன சத்தம்?"

"சாவி அவர்கிட்ட மாட்டிக்கிச்சு அண்ணே. உள்ள ஆடு பிரசவத்துக்குத் தவிக்குது."

மாஸ்டர் ஆட்டின் கதறலைக் கேட்டார். முகம் மாறியது. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு ஏணியோடு வந்தார். ரோஜாவும் படமும் அவர் வாயில் வரவே இல்லை. கூரையில் ஏறி ஒரு தகரத்தின் திருகாணிகளைக் கழற்றி நகர்த்தினார். அந்தப் பருத்த உடம்பு அந்தச் சந்தில் நுழையுமா என்று அவள் யோசிப்பதற்குள், நுழைந்தது, சிக்கியது, பிறகு மொத்தமாக வைக்கோலில் விழுந்தது. வெள்ளை ஆடு பயந்து மூலைக்கு ஓடியது.

"அண்ணே! அடிபட்டுச்சா?"

"பட்டுச்சு. அதை அப்புறம் பாப்போம். நான் என்ன செய்யணும்?"

அவள் மருத்துவருக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, கம்பி ஜன்னலில் நீட்டிப் பிடித்தாள். மருத்துவர் வேறொரு பண்ணையில் மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சா? என்ன தெரியுது?"

"மூக்கு தெரியுது. ஒரு கால் தெரியுது" என்றார் மாஸ்டர்.

"இன்னொரு கால்?"

"இல்ல டாக்டர்."

"மடங்கியிருக்கும். கையை சோப்பு போட்டு நல்லாக் கழுவி எண்ணெய் தடவிக்கங்க. முக்கும்போது தொடாதீங்க. வலி விடற நேரத்துல தலையை லேசா உள்ள தள்ளி, விரலால காலைத் தேடி முன்னால கொண்டு வாங்க. குளம்பை உள்ளங்கையில பொத்திக்கங்க, கிழிச்சிரக் கூடாது."

ஜன்னல் வழியாகச் சோப்பு வந்தது, சொம்பில் தண்ணீர் வந்தது, எண்ணெய்க் கிண்ணம் வந்தது. மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். இதுவரை தூரிகையைத் தவிர எதையும் அவ்வளவு மென்மையாகப் பிடித்திராத கை. முகத்தில் வேர்வை வழிந்தது. "பொறும்மா, பொறு, ஆச்சு, இதோ ஆச்சு" என்று அவர் பேசிக்கொண்டே இருந்தது ஆட்டிடம்தான் என்று புரிய வெளியே நின்றவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கால் கிடைச்சிருச்சு!"

"அப்ப அடுத்த முக்கலோட சேர்த்துக் கீழ்ப்பக்கமா இழுங்க. மெதுவா."

வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது ஒரு பழுப்புக் குட்டி. துணி கேட்டார். துணி வருவதற்குள் தன் சட்டையைக் கழற்றி அதன் மூக்கையும் வாயையும் துடைத்துத் தேய்த்தார். குட்டி தும்மியது. அவர் "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டார். அடுத்ததும் வந்தது. இது சின்னது, வெள்ளையில் பழுப்புத் திட்டு, யாருக்கும் சிரமம் கொடுக்காமல் தானே நழுவி வந்தது.

ஸ்கூட்டரைச் சுவரில் மோதாத குறையாக நிறுத்திவிட்டுப் பூட்டுக்காரர் ஓடிவந்தபோது கொட்டகைக்குள் சத்தமே இல்லை. சாவியைப் பூட்டில் வைத்தார். முதலில் தலைகீழாக வைத்தார். பிறகு வேறு சாவியை வைத்தார். உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல்:

"மெதுவா திறங்க பூட்டுக்காரரே. அவசரமில்ல. ரெண்டு வந்தாச்சு."

கதவு திறந்ததும் பார்த்தார். சட்டையில்லாத மாஸ்டர், வெள்ளைக் கால்சட்டை முழுக்க வைக்கோலும் எண்ணெயும் இன்னும் என்னென்னவோ. மடியில் ஒரு குட்டி. பழுப்பு ஆடு இன்னொன்றை நக்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கையிலும் எண்ணெய்.

"உங்க ரோஜா..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க. தின்னது எல்லாம் இங்கதான் வந்திருக்கு" என்று மடியில் இருந்த குட்டியைக் காட்டினார் மாஸ்டர்.

அவள் வெந்நீரோடு வந்தவள், பூட்டைக் கழற்றிப் புருஷன் கையில் வைத்தாள். "ரொம்ப நல்ல பூட்டுங்க. கடையிலயே வெச்சுக்கங்க."

ஆனால் கதை அதோடு சுகமாக முடியவில்லை. பழுப்பு ஆடு முதல் குட்டியைத் தனதென்று எடுத்துக்கொண்டது. சின்னதை அருகே விட்டால் முகர்ந்து பார்த்து முட்டித் தள்ளியது. மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்து மடியில் விட்டுப் பார்த்தார்கள். காலை உதைத்தது. மத்தியானம் வந்த மருத்துவர் சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டச் சொன்னார். "சில ஆடு இப்படித்தான். ஒண்ணுதான் எண்ணத் தெரியும். இதை நீங்கதான் வளக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. சூடா வெச்சுக்கங்க. பிழைச்சுக்கும்னு நினைக்கிறேன்."

அந்த "நினைக்கிறேன்" அவர் காதிலேயே நின்றது. மனைவிக்குச் சலவைக்கூட வேலை, விடுப்பு கிடையாது. அடிக்கடி பால் கொடுக்க வேண்டுமே? மறுநாள் காலை ஒரு அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை விரித்து, குட்டியை வைத்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோனார். மேசைக்கு அடியில் பெட்டி. சுவரில் சாவிகளுக்கு நடுவே பால்புட்டி.

முதல் சில நாள் தலை நிற்கவில்லை அதற்கு. அவர் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து குனிந்து வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு நாள் சாவி அராவும் சத்தத்துக்கு எழுந்து நின்றது. நாலு காலும் நாலு திசைக்குப் போக, நின்றது. வெளியே நின்ற வாடிக்கைக்காரர்கள் கை தட்டினார்கள். அதிலிருந்து கடைக்குக் கூட்டம் வேறு மாதிரி வந்தது. சாவி தொலையாதவர்களும் வந்தார்கள். குளியலறைப் பெரியவர் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுக்குத்தானா அன்னிக்கு என்னை அவ்வளவு அவசரமா திறந்தீங்க?" என்று தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். பாத்திரக்கடைக்காரர் பால் காய்ச்ச ஒரு சின்னப் பாத்திரம் கொண்டுவந்து கொடுத்து, "அன்னிக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார்.

மாஸ்டர் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைக்கு வந்தார். ஒரு நாள் வீட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றார். ஒரு நாள் பேனாக்கத்தி மொட்டை என்றார். பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டார். வந்ததும் புட்டியை வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார்.

"ஆடு பகை, குட்டி உறவுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் பூட்டுக்காரர் மனைவி, ஒரு சாயங்காலம் சலவைக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு.

"ஆட்டோடயும் எனக்குப் பகையில்லம்மா" என்றார் மாஸ்டர். "செடியைத்தான் வேலியை விட்டுத் தள்ளி, வீட்டுக்கு முன்பக்கம் மாத்தி நட்டிருக்கேன்."

குட்டி பெரிதாகிப் பெட்டிக்கு அடங்காமல் போனது. மேசையில் ஏறி அரத்தை நக்கியது. ஒரு வாடிக்கைக்காரம்மாவின் கைப்பையில் இருந்த ரசீதைத் தின்றது. இனிக் கூட்டத்தோடு விட வேண்டியதுதான் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். கொட்டகையில் விட்ட அன்று அது ஆடுகளைப் பார்த்து, இதெல்லாம் என்ன பிராணி என்பது போல விழித்தது. கோழிகளோடு போய் நின்றது. சேவல் அதைக் கொத்தப் பாய்ந்தபோது பழுப்பு ஆடு எங்கிருந்தோ வந்து சேவலை ஒரு முட்டு முட்டியது. பால் கொடுக்கவில்லை, சரி. முட்டியதே, அது போதும் என்று அவர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக் கதவுக்கு வழி சொன்னது மனைவிதான். "தாழ்ப்பாள் அது தலை உசரத்துல இருக்கிறதாலதானே அதுக்கு வாய் எட்டுது? வெளிப்பக்கம், அடியில வெச்சு, முன்னால ஒரு தகரம் அடிச்சிருங்க. நாம குனிஞ்சு திறப்போம்." அப்படியே செய்தார். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. சாதாரணத் தாழ்ப்பாள். குட்டிகளுக்குக் காற்று வரட்டும் என்று தொட்டிப் பக்கச் சுவரையும் நெஞ்சளவுக்குக் குறைத்து அரைச்சுவராக்கினார். பழுப்பு ஆடு கதவை மேலிருந்து கீழ்வரை ஆராய்ந்தது, உதட்டை நீட்டியது, எட்டவில்லை. அவர் தண்ணீர்த் தொட்டியருகே நின்று வேடிக்கை பார்த்தார். ஆடும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது.

மறுநாள் காலை தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஆனால் பழுப்பு ஆடு கொட்டகைக்கு வெளியே, கொய்யா மரத்தடியில் நின்று கீழே விழுந்த காயைக் கடித்துக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பில் குளம்புச் சேறு. அரைச்சுவரைத் தாண்டித் தொட்டியில் கால் வைத்து இறங்கலாம் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குட்டிகள் இரண்டும் உள்ளேயிருந்து கத்தின.

"என்னங்க, சிரிக்கிறீங்க?" என்று பல்துலக்கிக்கொண்டே வந்தாள் மனைவி.

"பின்ன என்ன செய்ய? வா, ஒரு கை பிடி."

இரண்டு பேருமாகத் தொட்டியைத் தூக்கி வேறு மூலைக்கு நகர்த்தினார்கள். பாதித் தண்ணீர் அவள் கால்களில் கொட்டியது. அவள் திட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாஸ்டர், "அங்க வெச்சா அதுல ஏறி, கோழிக்கூட்டு மேல ஏறி, வேலியைத் தாண்டி இங்க வரும், இன்னும் கொஞ்சம் தள்ளி!" என்று யோசனை சொன்னார். அவர்கள் மறுபடி குனிந்து தொட்டியைப் பிடித்தார்கள்.